சுள்ளியிற் கண்ட சுற்றம்

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே, வங்கக் கடலின் ஓரத்தில் நிற்கிறது வட்டக்கோட்டை. 1741-ஆம் ஆண்டு குளச்சற் போரில் சிறைப்பட்டு, பின்னர்த் தம்மைச் சிறைப்பிடித்த திருவிதாங்கூர் வேந்தர் மார்த்தாண்ட வர்மருக்கே படைத்தலைவராய் அமைந்த டச்சுப் படையினர் டிலனாய், கருங்கல்லாற் புதுப்பித்து வலிமை செய்த கோட்டை அது. அதன் மதிலின் ஒரு பக்கம் கடலை நோக்கி நீண்டிருக்கிறது. அருகிலுள்ள கருமணற் கரையில் அலையானது நாள்தோறும் எதையேனும் ஒதுக்கிவிட்டுப் போகிறது: சிரட்டை, கதம்பை, பனங்கொட்டை, கட்டுமரத்தினின்று கழன்ற மரத்துண்டு, எந்த ஆற்றங்கரையிலோ பெயர்ந்து உப்புநீரில் ஊறி வெளுத்த வேர்.

அண்மையில் ஒரு மாலை நாம் அங்கே நின்றிருந்தபோது ஒரு சிறுவன் அத்தகைய வேரொன்றை எடுத்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு முனையை மணலில் ஊன்றி, மறுமுனையை நீரை நோக்கிச் சாய்த்தான். வேர் மறைந்து கொக்கு நின்றது. பிறகு வேறொரு சிறு வேரைத் தேடியெடுத்து அதன் பக்கத்தில் ஊன்றினான். அது குஞ்சு என்பதை எவரும் சொல்லவேண்டியதில்லை. அதற்குள் அவனுடைய தந்தையார் வந்து, குப்பையைத் தொட்ட கையைக் கழுவுமாறு அதட்டி அழைத்துச் சென்றார். சிறிது நேரத்தில் ஓர் அலை எழுந்து தாயையும் குஞ்சையும் கொண்டுபோயிற்று.

இருவரில் யார் கண்டது உண்மை? சிறுவன் கொக்கைக் கண்டான். தந்தையார் குப்பையைக் கண்டார். வழக்கு மிகச் சிறியது. ஆயினும் ஒரு தேசம் தன் மக்களின் கண்ணை எவ்வாறு பழக்குகிறது என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருத்தலின், இதனைத் தள்ளுபடி செய்ய நமக்கு மனமில்லை. இதே கடலின் வடகோடியிலுள்ள வங்க நாட்டிலே பிறந்து, பாரத மாதாவுக்குச் சித்திர உருவம் தந்தவரென்று தேசமெங்கும் அறியப்பட்டு, முதுமையில் சுள்ளியும் வேரும் பொறுக்கிப் பொம்மை செய்துகொண்டிருந்த ஒரு பெரியாரின் வாழ்க்கையையே இவ்வழக்கிற் சாட்சியாக அழைக்கிறோம். அவர் அவனீந்திரநாத் தாகூர்.

அவனீந்திரர் 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ஆம் நாள் கல்கத்தாவில் ஜோராசாங்கோ மாளிகையிற் பிறந்தார். பெருஞ்செல்வரான துவாரகநாத் தாகூருக்குக் கொள்ளுப்பேரர். கவியரசர் ரவீந்திரநாதருக்குத் தம்பி மகன் முறையினரல்லர், அண்ணன் மகன் முறையினர். தந்தையார் குணேந்திரநாதர் 1881-ஆம் ஆண்டிலேயே காலமாயினார். தமையனார் ககனேந்திரநாதரும் பிற்காலத்திற் பெயர் பெற்ற சித்திரக்காரர். வீட்டிலே பாட்டும் கூத்தும் ஓவியமும் குறைவின்றி நடந்தன. இளைஞர் அவனீந்திரர் சம்ஸ்கிருதக் கலாசாலையிற் பயின்றார். பிறகு இத்தாலியராகிய கில்லார்டியிடமும் ஆங்கிலேயராகிய பாமரிடமும் மேனாட்டுச் சித்திர முறைகளைக் கற்றார்.

அவருடைய சிற்றப்பா முறையினரான ரவீந்திரர் அவரைக் கதை எழுதவும் தூண்டினார். 1895-ஆம் ஆண்டில் சகுந்தலையின் கதை வெளிவந்தது. 1896-ஆம் ஆண்டில் வங்கக் குழந்தைகள் இன்றுவரை விரும்பிப் படிக்கும் ‘க்ஷீரேர் புதுல்’ வெளிவந்தது. பாலைச் சுண்டக் காய்ச்சிச் செய்த பொம்மை என்பது அத்தலைப்பின் பொருள். அரசனால் ஒதுக்கப்பட்ட மூத்த அரசிக்குப் பிள்ளையில்லை. அவளைத் தாயெனக் கொண்ட குரங்கொன்று, அவளுக்கு ஒரு மகனிருப்பதாக அரசனை நம்பவைத்து, திருமண நாளன்று பாற்பொம்மையை மாப்பிள்ளையாகப் பல்லக்கில் ஏற்றி அனுப்புகிறது. வழியிலே பிள்ளைவரம் தரும் சஷ்டி தேவி பசி மிகுதியால் அப்பொம்மையை உண்டுவிடுகிறாள். கையும் களவுமாய்ப் பிடித்த குரங்கு ஈடு கேட்க, தேவி உயிருள்ள மகனையே தந்துவிடுகிறாள். அடுக்களைப் பாலில் உருவான பொம்மை ஓர் அன்னைக்கு மகனாயிற்று. இருபத்தைந்து வயதினர் குழந்தைகளுக்காக எழுதிய கதைதான். எனினும் இதனை நேயர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். அவர் எழுபதாவது வயதிற் செய்த வேலைக்குத் திறவுகோல் இதனுள் இருக்கிறது.

மேனாட்டு முறையிலே தேர்ச்சி பெற்றும் அவர் உள்ளம் நிறைவெய்தவில்லை. பழைய தில்லிச் சிற்றோவியங்களைக் கண்டபோது, தம் வீட்டுப் பெட்டகம் பூட்டிக்கிடக்கத் தாம் அயல்வீட்டில் யாசித்துக்கொண்டிருந்ததை அவர் உணர்ந்தார். ராதாகிருஷ்ண லீலையை வரையத் தொடங்கினார். அவ்வமயம் கல்கத்தா அரசாங்கச் சித்திரப் பள்ளிக்குத் தலைவராய் வந்திருந்தவர் ஹாவெல் துரை. 1884-ஆம் ஆண்டு முதற்கொண்டு சில ஆண்டுகள் சென்னைக் கலைப் பள்ளியின் தலைவராயிருந்து, தென்னாட்டு நெசவாளரும் தச்சரும் கன்னாரும் செய்த வேலைகளை நேரிற்கண்டு ஆராய்ந்தவர் அவர். கல்கத்தா சென்றதும், பள்ளிக் காட்சிசாலையிலிருந்த மேனாட்டுப் படங்களை அகற்றி இந்தியச் சித்திரங்களை வாங்கி வைத்தார். அப்போது எதிர்த்துக் கூச்சலிட்டவர் ஆங்கிலேயரல்லர், நம்மவரே. அடிமைத்தனம் கைவிலங்கில் மட்டும் இருப்பதன்று, கண்ணிலும் இருப்பது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இக்காலத்தில் பிளேக்கு நோய் அவனீந்திரரின் சிறு பெண்ணைக் கொண்டுபோயிற்று. அந்தத் துயரம் நெஞ்சிற் கிடக்கவே, மரணப் படுக்கையிலிருந்து தாஜ்மகாலை நோக்கும் ஷாஜகானை அவர் 1902-ஆம் ஆண்டில் வரைந்தார். அடுத்த ஆண்டு டில்லி தர்பாரை ஒட்டி நடந்த கண்காட்சியில் அப்படம் பரிசு பெற்றது. பார்த்தவர்கள் பேரரசனைப் பாராட்டினர். அதனுள்ளே ஒரு தகப்பன் இருந்தான். இழந்த உறவை உருவத்திலே மீட்க முயல்வது அவரிடம் அப்போதே குடிகொண்ட இயல்பு.

1902-ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் ஒக்காக்குரா இந்தியாவுக்கு வந்தார்; மறு ஆண்டு தைக்கான், ஹிஷிதா என்னும் ஜப்பானியச் சித்திரக்காரர்கள் வந்தனர். தீட்டிய படத்தை மீண்டும் மீண்டும் நீரிலே நனைத்து வண்ணத்தை மென்மையாக்கும் வழக்கம் அவர்களுடைய பழக்கத்தால் அவருக்குக் கைவந்தது. 1905-ஆம் ஆண்டு வங்கம் பிரிக்கப்பட்டது. அந்நியத் துணிகள் தெருவெல்லாம் எரிந்தன. அந்த ஆண்டிலேதான் அவர் காவியுடுத்த ஓர் இளந்துறவியைத் தீட்டினார். நான்கு கைகளிலும் ஏடு, நெற்கதிர், வெள்ளை ஆடை, ஜபமாலை. முதலில் வங்க மாதாவாக எண்ணப்பட்ட அவ்வுருவம் பாரத மாதாவாயிற்று. சகோதரி நிவேதிதை அதனைப் போற்றினார். கவனித்தல் வேண்டும்: அவ்வன்னையின் கைகளில் வாளும் இல்லை, பொன்னும் இல்லை. எந்தக் குடிசையிலும் இருக்கத்தக்க பொருள்களே இருந்தன.

அதே ஆண்டில் அவர் கல்கத்தா சித்திரப் பள்ளியின் துணைத் தலைவராயினார். நந்தலால் போஸ், அசித் குமார் ஹால்தார், மைசூர் வெங்கடப்பா முதலியோர் அவரிடம் பயின்றனர். அவரிடம் ஓவியம் கற்ற தேவிபிரசாத் ராய் சௌதுரி, பிற்காலத்தில் சென்னைக் கலைப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவராகி, மெரினாக் கடற்கரையிலே 1959-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை வடித்தார். 1907-ஆம் ஆண்டில் இந்தியக் கீழைக்கலைச் சங்கம் தோன்றிற்று. 1921 முதல் 1929 வரை அவர் கல்கத்தா சர்வகலாசாலையில் வாகீசுவரி பேராசிரியராயிருந்து கலையைப் பற்றிச் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். பதவியும் புகழும் மாணவர் கூட்டமும் ஒருங்கே வந்தெய்தின.

வந்தெய்திய இடத்திலேயே பலர் நின்றுவிடுவர். அவனீந்திரர் நிற்கவில்லை. அவர் வழியைப் பின்பற்றியோரிற் பலர், மங்கிய வண்ணத்தையும் பாதி மூடிய விழியையும் ஒரு சூத்திரமாக்கிக்கொண்டு படங்களைப் பெருக்கினர். அவரோ வேறு திசையில் நோக்கினார். 1919-ஆம் ஆண்டில் வங்கப் பெண்களின் விரதங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். விரத நாட்களில் அரிசிமாவைக் கரைத்து விரலால் தரையிலிடும் ‘ஆல்பனா’ என்னும் கோலங்களை அதிலே தொகுத்து ஆராய்ந்தார். நம் வீட்டு வாசலில் விடியற்காலையில் மலர்ந்து, பகலுக்குள் எறும்புக்கும் காலடிக்கும் இரையாகும் கோலத்தின் உடன்பிறப்பு அது. சர்வகலாசாலைப் பேராசிரியராக வரவிருந்தவர், பள்ளி சென்றறியாத பெண்களிடம் பாடங் கேட்கச் சென்றார். சாமானியப் பொருளிலே உயர்ந்த கலை வாழக்கூடும் என்னும் கொள்கை அவருக்கு முதுமையின் விநோதமாகத் திடீரென்று தோன்றியதன்று.

1930-ஆம் ஆண்டில் அராபிய இரவுக் கதைகளை வரிசையாகத் தீட்டி முடித்த பிறகு அவர் தூரிகையை முன்போல் எடுக்கவில்லை. சிறுவர்களுக்குக் கூத்துக்கள் எழுதினார். இராமாயணக் கதையைத் தாமே வேடிக்கைக் கூத்தாக எழுதிய கையெழுத்துப் புத்தகத்தில், பத்திரிகைப் படங்களையும் விளம்பரத் துண்டுகளையும் கத்தரித்து ஒட்டினார். நேற்றைய பத்திரிகை இன்றைக்குப் பொட்டலம் கட்டத்தான் உதவும் என்பதைப் பத்திரிகை நடத்துவோராகிய நாம் அறிவோம். அந்தக் காகிதத்திலே அவர் அயோத்தியையும் இலங்கையையும் கண்டார்.

அதே முதுமையிலே அவர் செய்யத் தொடங்கியவைதாம் ‘குட்டும்-காட்டம்’ எனப்படும் சிற்றுருவங்கள். காய்ந்த சுள்ளி, வேர், மூங்கிற் கணு, தச்சன் எறிந்த மரத்துண்டு, விதையின் ஓடு முதலியவையே அவற்றுக்கு மூலப்பொருள். செய்யும் முறையும் எளிது. அவர் மரத்தைக் கைக்கு வந்தபடி செதுக்குபவரல்லர். கிடைத்த துண்டை முன்னும் பின்னும் தலைகீழாகவும் திருப்பிப் பார்ப்பார். அதனுள்ளே ஒரு பறவையோ விலங்கோ மனிதனோ மறைந்திருப்பது புலப்படும்வரையிற் காத்திருப்பார். புலப்பட்டபின் வேண்டாததைச் சிறிது நீக்குவார். வேறொரு துண்டை இணைப்பார். நிற்பதற்கு ஓர் அடி அமைப்பார். அவ்வளவே. சிற்பி கல்லின்மேல் தன் எண்ணத்தைச் செலுத்துகிறான். இவரோ மரத்தின் எண்ணத்தைக் கேட்டறிந்து அதற்குத் துணை செய்தார்.

அப்பெயரிலே ஒரு சுவை உண்டு. வங்க மொழியில் ‘குட்டும்’ என்பது உறவினரைக் குறிக்கும் சொல். நாம் வழங்கும் குடும்பம் என்னும் சொல்லும் அதுவும் ஒரே குலத்தவை. ஆகவே அவர் செய்தவை வெறும் பொம்மைகளல்ல, சுற்றத்தார். தெருவிலே கிடந்த சுள்ளிக்கு அவர் உறவுமுறை கொண்டாடினார். பாற்பொம்மை மகனான கதையை எழுதியவர், நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அக்கதையைக் கையினாற் செய்துகாட்டினார்.

அக்காலம் அவருக்கு எத்தகையது என்பதையும் எண்ணுதல் வேண்டும். 1938-ஆம் ஆண்டில் ககனேந்திரநாதர் மறைந்தார். 1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் நாள், அவனீந்திரருக்கு எழுபது வயது நிறைந்த அதே நாளில், ரவீந்திரர் மறைந்தார். பிறந்து வளர்ந்த ஜோராசாங்கோ மாளிகையும் அவ்வாண்டில் அவருடைய கையைவிட்டுப் போயிற்று. பின்னர் அது இடிக்கவும்பட்டது. நகருக்கு வடக்கே பாராநகரில் ஒரு தோட்ட வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். 1942-ஆம் ஆண்டில் ரவீந்திரருக்குப் பின் விசுவபாரதியின் ஆசாரியராகும் பொறுப்பையும் ஏற்றார். சுற்றம் குறைந்தது, வீடு போயிற்று. அந்நாளில் அவர் காலடியிற் கிடந்ததைக் குனிந்தெடுத்துச் சுற்றமாக்கிக்கொண்டார். அதைக் கிழவரின் பொழுதுபோக்கு என்று கூறுவோர், இழப்பின் முன்னே மனிதன் செய்யக்கூடியது இன்னதென்று அறியாதவராவர்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் கேட்போம். பாரத மாதாவைத் தீட்டிய கை சுள்ளி பொறுக்கியது வீழ்ச்சியல்லவா? தேசம் கோபுரங்களையும் பஞ்சலோகத் திருமேனிகளையும் பெற்றிருக்க, இத்தகைய சிறுபொருள்களைக் கலையென்று கூறினால் கலையின் தரம் தாழாதா? வாதம் அற்பமானதன்று. சுள்ளியை எடுத்தோர் யாவரும் அவனீந்திரராகிவிடுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். நாற்பதாண்டுகள் தூரிகை பிடித்துப் பழகிய கண்ணே ஒரு வளைந்த குச்சியில் கழுத்தின் திருப்பத்தைக் கண்டது. பொருள் எளிது; பார்வை எளிதன்று.

ஆனால் பொருளின் விலையைக்கொண்டு கலையின் விலையைத் தீர்மானிக்கலாகாது என்பதற்குச் சான்றுகள் பல. 1942-ஆம் ஆண்டில், போர் நடந்துகொண்டிருந்த பாரிஸ் நகரிலே, பிக்காசோ என்னும் பேர்பெற்ற சித்திரக்காரர் பழைய சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்து ஒரு காளைத் தலையை அமைத்தார். அவரும் நம்மவரும் ஒருவரை ஒருவர் பார்த்து இதனைச் செய்தாரில்லை. சாந்திநிகேதனத்தில் நந்தலாலிடம் பயின்ற ராம்கிங்கர் பெய்ஜ், விலையுயர்ந்த வெண்கலத்துக்குக் காத்திராமல், உள்ளூர்ச் செம்மண் பரற்கல்லையும் சிமெண்டையும் கலந்து 1938-ஆம் ஆண்டில் சந்தால் குடும்பத்தின் பெருஞ்சிலையைத் திறந்தவெளியில் எழுப்பினார். அவனீந்திரருக்கு அவர் மாணவரின் மாணவர். மகாத்மாவின் விருப்பப்படி, 1936-ஆம் ஆண்டு பைஸ்பூர் காங்கிரஸ் நகரை மூங்கிலும் பிற உள்ளூர்ப் பொருள்களும் கொண்டு அழகுபடுத்தியவர் அந்த நந்தலாலே. சண்டிகரிலே சாலை வேலைகளை மேற்பார்வையிட்ட அரசாங்கச் சிப்பந்தி நேக் சந்த், உடைந்த வளையல்களையும் பீங்கான் துண்டுகளையும் ஓடுகளையும் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் எவருமறியாமல் ஒரு சிற்பவனத்தை உண்டாக்கினார். அது வெளிப்பட்டபோது அனுமதியற்றதென்று இடிக்கப்படும் நிலையில் இருந்தது. பிறகு காப்பாற்றப்பட்டு 1976-ஆம் ஆண்டில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. இன்று உலகோர் வந்து காண்கின்றனர்.

இவற்றிலிருந்து நாம் பெறும் உண்மை ஒன்று உண்டு. சுதேசியம் என்பது அந்நியத் துணியை விலக்குவதோடு முடிவதன்று. நம் காலடியில் உள்ளதை இழிவென்று எண்ணும் பழக்கத்தை விலக்குவதே அதன் முடிவு. 1905-ஆம் ஆண்டில் அன்னையின் கையிலே நெற்கதிரை வைத்தவர், அன்னையின் தரையிலே கிடந்த சுள்ளியைக் கடைசிக் காலத்திற் கையிலெடுத்தார். இரண்டும் ஒரே பூஜை. முன்னதற்குத் தேசம் மாலையிட்டது. பின்னதை அறிந்தோர் சிலரே.

சுதந்திர இந்தியாவைக் கண்ணாற் கண்ட அவர் 1951-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5-ஆம் நாள் காலமாயினார். வண்ணப் படம் பாதுகாப்புக்குட்பட்டு நெடுநாள் வாழும். சுள்ளியின் பகைவர் பலர்: கரையானும் ஈரமும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குப்பையென்று நினைத்துப் பெருக்கித் தள்ளும் கையும். ஆயினும் அவர் விட்டுச் சென்ற முறைக்கு அழிவில்லை. அதற்கு மூலதனமும் வேண்டாம், உரிமச்சீட்டும் வேண்டாம்.

நாஞ்சில் நாட்டுச் சிறுவருக்கு இம்முறை புதிதுமன்று. பனங்காயில் வண்டியும், ஓலையிற் காற்றாடியும் பாம்பும் செய்து விளையாடியவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். ஆனால் இன்று பள்ளியிலே கைவேலை என்றவுடன் கடையிலே அட்டையும் பசையும் மினுமினுப்புக் காகிதமும் வாங்கும் பட்டியலே வீட்டுக்கு வருகிறது. அச்சிட்ட மாதிரியைப் பார்த்து நாற்பது பிள்ளைகளும் ஒரே பொம்மையைச் செய்கின்றனர். அதற்கு மதிப்பெண்ணும் பெறுகின்றனர். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைகளைத் தோப்புக்கோ ஆற்றங்கரைக்கோ கடலோரத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். கொதும்பையும் சிரட்டையும் வேரையும் அவர்களே பொறுக்கட்டும். இன்னதைச் செய் என்று கூறாதீர்கள். இதிலே யார் இருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: கையைக் கழுவச் சொல்லுங்கள், கழுவியபின் கொக்கையும் வீட்டுக்கு எடுத்துவரச் சொல்லுங்கள்.

வட்டக்கோட்டையின் கருங்கல் மதில் வேந்தரின் ஆணையால் எழுந்தது. பகைவருக்கு அஞ்சிக் கட்டப்பட்டது. அதன் நிழலில் அச்சிறுவன் ஊன்றிய வேர், ஓர் உயிரை உறவென்று கண்ட அன்பினால் எழுந்தது. முன்னதைக் காக்க அரசாங்கத்தின் தொல்பொருள் இலாகா இருக்கிறது. பின்னதைக் காக்க நம்மையன்றி யாருமில்லை. சாட்சி விசாரணை முடிந்தது. கண்டது கொக்கே என்று தீர்ப்பளிக்கிறோம்.